குண்டு அச்சுக்கு ஒரு மரப்பிடி

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள என் மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் என் வயதுக்காரர். பள்ளிக்கூடத்தில் மரவேலை கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு கடைசல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஏதாவது செய்துகொண்டே இருப்பார். பொழுது போகாதபோது நான் அங்கே போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொள்வேன்.

ஒரு நாள் பழைய துணியில் சுற்றிய ஒரு பொருளை எடுத்துக் காட்டினார். பார்த்ததும் எனக்கு நம் வீட்டுப் பாக்குவெட்டிதான் நினைவுக்கு வந்தது. இரண்டு பித்தளைச் சட்டங்கள், ஒரு முனையில் கீல். மூடினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். உட்புறத்தில் அரைக் கோளமாக ஆறு குழிகள். மேலே ஈயம் ஊற்ற ஆறு சிறு வாய்கள். துப்பாக்கிக் குண்டு வார்க்கும் அச்சு அது. பிரெஞ்சு வகுப்பில் 'மூல் ஆ பால்' என்று படித்த சொல்லுக்குரிய பொருளை எழுபது வயதுக்கு மேல்தான் கண்ணால் பார்த்தேன். அவருடைய தாய்வழிப் பாட்டன் வீட்டுச் சொத்தாம். ஒரு பக்கத்து மரப்பிடி இருந்தது. மறுபக்கத்தில் கூரான காம்பு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு பிடி செய்யப் போவதாகச் சொன்னார்.

"இதில் மரம் எதற்கு? முழுவதும் உலோகமாகவே செய்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். உருகிய ஈயத்தைக் குளிர்ந்த அச்சில் ஊற்றினால் குண்டு சுருக்கம் விழுந்து வரும். ஆகவே அச்சும் நன்றாகச் சூடேற வேண்டும். பித்தளை சூட்டை வேகமாகக் கடத்திவிடும். பத்து முறை ஊற்றுவதற்குள் வெறும் கையால் தொட முடியாது. கைக்கும் அந்தச் சூட்டுக்கும் நடுவில் நிற்பது இந்த மரத்துண்டுதான். ஆனால் அதுவும் நிரந்தரமில்லை. காம்பின் சூட்டில் மரம் உள்ளிருந்தே கருகும். துளை பெரிதாகும். பிடி ஆட ஆரம்பிக்கும். உருகிய ஈயம் நிறைந்த அச்சு கையிலிருந்து நழுவினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் பிடி ஆடத் தொடங்கியதும் எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவார்கள். ஒரே அச்சு பல பிடிகளைத் தின்றிருக்கும்.

அவர் வேலை செய்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. உடைந்த நாற்காலியின் மேப்பிள் மரக்கால் ஒன்றை எடுத்தார். பச்சை மரம் உதவாது, காயும்போது சுருங்கி வெடிக்கும். இது பல வருடம் வீட்டுக்குள்ளேயே காய்ந்த மரம் என்றார். கடைசலுக்கு முன்பே துளை போட்டார். காம்பு நுனியில் குறுகியும் அடியில் அகன்றும் இருந்ததால் ஆழத்தில் சின்னத் துளை, வாய்ப்பக்கம் பெரிய துளை.

அடுத்து அவர் செய்தது எனக்கு நம் ஊர்க் கொல்லரை நினைவூட்டியது. அரிவாளுக்குப் பிடி போடும்போது காம்பைக் காய்ச்சி மரத்தில் இறக்குவார்கள் அல்லவா, அதே முறைதான். ஆனால் அச்சை நெருப்பில் காட்டினால் சட்டங்கள் கோணிவிடும், பிறகு இரண்டும் சரியாக மூடாது. அதனால் ஓர் இரும்புக் கம்பியை அந்தக் காம்பின் வடிவத்துக்கே அரம் போட்டு ராவி, அதைக் காய்ச்சித் துளைக்குள் இறக்கினார். புகை வந்தது. எடுத்து ஆறவிட்டு, கரியைத் தட்டிவிட்டு, மறுபடி இறக்கினார். மூன்றாவது முறையில் துளை காம்பின் அளவுக்கு வந்துவிட்டது. வாயில் பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றைப் பூணாக மாட்டி, மரச் சுத்தியலால் தட்டி ஏற்றினார். வார்னிஷ் சூட்டில் கொப்பளிக்கும் என்று ஆளி விதை எண்ணெய் மட்டும் தேய்த்தார்.

எனக்கு ஒரு சந்தேகம். பிடி மிகவும் ஒல்லியாக இருந்தது. அவருடைய பெரிய கைக்கு அது அடங்கவே இல்லை. "கொஞ்சம் தடிமனாகக் கடைந்திருக்கலாமே?" என்றேன். மிச்சம் இருந்த பழைய பிடியைக் காட்டி, "இதன் அளவில்தான் கடைந்தேன். இது என் கைக்குச் செய்தது இல்லை. பெண்ணின் கையாக இருக்கலாம், பிள்ளையின் கையாகவும் இருக்கலாம்" என்றார். பிறகு, அதே மாநிலத்தில் இருக்கும் லிட்ச்ஃபீல்டு ஊரின் கதையைச் சொன்னார். மகன் வீட்டுக்குத் திரும்பியதும் அதைத் தேடிப் படித்தேன்.

1776 ஜூலை 9 அன்று நியூயார்க்கில் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைப் படைவீரர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். அன்று மாலையே கூட்டம் ஒன்று பௌலிங் கிரீன் என்ற இடத்துக்குப் போய், குதிரைமேல் அமர்ந்திருந்த மூன்றாம் ஜார்ஜ் மன்னர் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளியது. பொன்முலாம் பூசிய ஈயச் சிலை அது. வைத்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. அதன் துண்டுகளில் பெரும்பகுதி லிட்ச்ஃபீல்டில் ஆலிவர் வால்காட் என்பவரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பிரகடனத்தில் பின்னர் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். ஆப்பிள் தோட்டத்தில் கொட்டகை போட்டு, அவரே கோடாலியால் ஈயத்தை வெட்டிப்போட, வீட்டுப் பெண்கள் உருக்கி அச்சில் வார்த்தார்கள்.

வால்காட் ஒரு காரியம் செய்தார். யார் எத்தனை தோட்டா செய்தார்கள் என்று கணக்கு எழுதி வைத்தார். திருமதி மார்வின் 6,058. ரூத் மார்வின் 11,592. மகள் லாரா 8,378. மகள் மேரி ஆன் 10,790. மகன் ஃபிரெடெரிக் 936. திருமதி பீச் 1,802. இதர நபர்கள் 2,182. ஊர்க்காவல் படைக்குக் கொடுத்தது 50. ஒரு படைப்பிரிவுக்குக் கொடுத்தது 300. மொத்தம் 42,088.

முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகத்தில் பேரேடு பார்த்தவன் நான். கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கணக்கு சரியாக இருக்கிறது. மேரி ஆனுக்கு அப்போது பதினொரு வயது. ஃபிரெடெரிக்குக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும். ரூத் மார்வின் பெயரில் உள்ள தோட்டாக்களுக்குக் குண்டு வார்க்க, ஆறு குழி அச்சாக இருந்தாலும் 1,932 முறை திறந்து மூட வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகள் மனிதனைக் கொல்லும் குண்டு செய்தார்கள் என்பதைப் பெருமையாகச் சொல்வதா, வருத்தமாகச் சொல்வதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

அந்தப் போர் நம்மையும் விடவில்லை. 1778 பிப்ரவரியில் பிரான்சு அமெரிக்கர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டது. அந்தப் பகையில்தான் ஆங்கிலேயர்கள் அதே ஆண்டு நம் புதுச்சேரியை முற்றுகையிட்டார்கள். அக்டோபரில் ஆளுநர் பெல்கோம்ப் சரணடைந்தார். நம் மதிலின் இரண்டு பக்கத்திலும் பறந்த குண்டுகளையும் யாரோ சிலர் உட்கார்ந்து வார்த்திருப்பார்கள். அவர்கள் பெயர் எழுதிய பட்டியல் எதையும் நான் படித்ததில்லை.

அலுவலகத்தில் நானும் 'இதர' என்று ஒரு பத்தி போட்டு எத்தனையோ இனங்களை அதில் தள்ளியிருக்கிறேன். சில்லறைச் செலவுக்கு அது சரி. லிட்ச்ஃபீல்டு கணக்கில் 'இதர நபர்கள் 2,182' என்ற வரியைப் படித்தபோது கொஞ்சம் உறுத்தியது. அந்த ஒல்லிப் பிடியை வைத்து வேலை செய்தவரும் ஏதோ ஒரு கணக்கில் அப்படி 'இதர' ஆகியிருப்பார். பெயர் போய்விட்டது, கையின் அளவு மட்டும் மரத்தில் நின்றது. அதை மாற்றாமல் கடைந்த அந்த ஆசிரியருக்கு, ஊர் திரும்பியதும் ஒரு நன்றிக் கடிதம் எழுதினேன்.