போர்ட்ஸ்மவுத் உடன்படிக்கையும் கொரியாவும்: ரஷ்ய–ஜப்பானியப் போரின் (1904–1905) காரணங்களும் விளைவுகளும்

ஆய்வுச் சுருக்கம்

ரஷ்ய–ஜப்பானியப் போர், ஆசிய நாடொன்று ஐரோப்பிய வல்லரசை வென்ற நிகழ்வாகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. அப்போரால் தன்னுரிமை இழந்த கொரியாவை மையப்படுத்தி, போரின் காரணங்களையும் விளைவுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கொரியா, மஞ்சூரியா, ஆங்கில–ஜப்பானிய உடன்பாடு, பேரரசியம்.

முன்னுரை

ஜப்பானின் வெற்றிகள் சிறுவனாக இருந்த தமக்கு அளித்த உற்சாகத்தை ஜவகர்லால் நேரு தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார். அடிமைப்பட்டிருந்த மக்களுக்கு அவ்வெற்றி நம்பிக்கை தந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் எந்நிலத்திற்காக அப்போர் நடந்தது, அந்நிலத்து மக்கள் என்ன ஆயினர் என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும்.

போரின் காரணங்கள்

கொரியாவின் மீதான செல்வாக்குப் போட்டியே 1894–1895ஆம் ஆண்டுகளின் சீன–ஜப்பானியப் போருக்கு வித்திட்டது. வென்ற ஜப்பான், ஷிமோனோசெகி உடன்படிக்கையால் லியாவோதுங் தீபகற்பத்தைப் பெற்றது. ரஷ்யா, ஜெர்மனி, பிரான்சு ஆகிய மூன்றும் தலையிட்டு அதனைச் சீனாவிடம் திருப்பியளிக்கச் செய்தன. 1898இல் அதே தீபகற்பத்தின் தென்பகுதியைப் போர்ட் ஆர்தர் துறைமுகத்துடன் ரஷ்யா குத்தகையாகப் பெற்றமை ஜப்பானின் சினத்தைப் பெருக்கியது. 1900இல் பாக்சர் கிளர்ச்சியின்போது மஞ்சூரியாவில் நுழைந்த ரஷ்யப் படைகள் உறுதியளித்தவாறு முழுமையாக வெளியேறவில்லை. 1902இல் பிரிட்டனுடன் செய்துகொண்ட உடன்பாடு ஜப்பானுக்குத் துணிவளித்தது.

1903இல் நடைபெற்ற பேச்சுவார்த்தையில், கொரியாவில் தன் மேலாண்மையை ரஷ்யா ஏற்க வேண்டும் என ஜப்பான் கோரியது. ரஷ்யாவோ கொரியாவின் 39ஆம் அட்சக்கோட்டிற்கு வடக்கே நடுநிலைப் பகுதி வேண்டும் என்றது. கொரியாவின் எதிர்காலம் குறித்த இப்பேச்சில் கொரியாவுக்கு இடமில்லை என்பது நோக்கத்தக்கது.

போரின் போக்கு

1904 ஜனவரியில் கொரியா தன் நடுநிலையை அறிவித்தது. பிப்ரவரி 8 இரவு போர்ட் ஆர்தரில் இருந்த ரஷ்யக் கப்பற்படையை ஜப்பான் தாக்கியது. அதே வேளையில் இஞ்சோனில் இறங்கிய ஜப்பானியப் படைகள் சியோலுக்குள் நுழைந்தன. பிப்ரவரி 23இல் கொரிய நிலத்தைப் படைத்தேவைக்குப் பயன்படுத்தும் உரிமையை ஜப்பான் எழுதிப் பெற்றது. நிலப்போரின் பெரும்பகுதி, நடுநிலை வகித்த சீனாவின் மஞ்சூரியாவில் நிகழ்ந்தது. 1905இல் போர்ட் ஆர்தர், முக்டென், சுஷிமா ஆகிய இடங்களில் ரஷ்யா அடுத்தடுத்துத் தோற்றது. உள்நாட்டில் புரட்சியும் மூண்டது. லண்டன், நியூயார்க் சந்தைகளில் திரட்டிய கடனைக்கொண்டு போரிட்ட ஜப்பானும் களைத்திருந்தது.

அமைதியும் அதன் விலையும்

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் முயற்சியால் 1905 செப்டம்பர் 5இல் போர்ட்ஸ்மவுத் உடன்படிக்கை கையெழுத்தானது. தென் சகாலினும் லியாவோதுங் குத்தகையும் ஜப்பானுக்குக் கிடைத்தன. கொரியாவில் ஜப்பானின் மேலான நலன்களை ரஷ்யா ஏற்றது. இழப்பீட்டுத் தொகை கிடைக்காததால் அன்றே தோக்கியோவின் ஹிபியாவில் கலவரம் வெடித்தது. ரூஸ்வெல்ட்டுக்கு 1906இல் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கொரியாவின் நிலை இதற்கு முன்னரே உறுதியாகிவிட்டது எனலாம். 1905 ஆகஸ்ட் 12இல் புதுப்பிக்கப்பட்ட ஆங்கில–ஜப்பானிய உடன்பாட்டில், கொரியாவில் ஜப்பானின் மேலாண்மையைப் பிரிட்டன் ஏற்றது. இந்திய எல்லைப் பாதுகாப்பில் பிரிட்டனுக்குள்ள தனி நலனை ஜப்பான் ஏற்றது. இந்தியர் கொண்டாடிய வெற்றியாளரே இந்தியாவின் மீதான பிரிட்டிஷ் ஆட்சிக்கு அரணாயினர்.

1905 நவம்பர் 17இல் கொரியா ஜப்பானின் பாதுகாப்புக்குட்பட்ட நாடாக்கப்பட்டு, வெளியுறவு உரிமையை இழந்தது. 1907இல் பேரரசர் கோஜோங் ஹேக் அமைதி மாநாட்டிற்கு அனுப்பிய தூதர்களுக்கு அவையில் இடம் மறுக்கப்பட்டது. கோஜோங்கும் அரியணை துறக்க நேர்ந்தது. 1910 ஆகஸ்டில் கொரியா ஜப்பானுடன் இணைக்கப்பட்டது.

முடிவுரை

ரஷ்ய–ஜப்பானியப் போர், ஐரோப்பியர் வெல்ல முடியாதவர் என்னும் எண்ணத்தைத் தகர்த்தது, பேரரசியத்தைத் தகர்க்கவில்லை. ஆசியாவின் பெயரால் போற்றப்பட்ட வெற்றி, ஆசிய நாடொன்றின் விடுதலையைப் பறித்தது. ஆகவே, ஒரு போரை மதிப்பிடுங்கால் வென்றவர், தோற்றவர் ஆகிய இருவரோடு, உடன்படிக்கை மேசைக்கு அழைக்கப்படாதவரையும் கணக்கிற்கொள்வது வரலாற்றாய்வாளரின் கடமையாகும்.