ஆயிரத்து முப்பத்து மூணு பேர் நின்ன தேர்தல்



தேர்தல் வந்தாப் போதும், டவுனுல வேலை பாக்குற எங்க சொந்தக்காரப் பசங்க ஒரு கேள்வியைக் கேட்டுருவாங்க. "ஏனுங் பெரியப்பா, எப்பப் பாத்தாலும் பெரிய கட்சிகளைக் கொறை சொல்றீங்களே, விவசாயிக நீங்களே ஒரு கட்சி ஆரம்பிச்சு நிக்க வேண்டியதுதானே?"

நியாயமான கேள்விதான். ஆனா நாங்க நிக்காம இல்லைங்க. பல தடவை நின்னாச்சு. ஒரு தடவை நின்ன நிலையில நாட்டோட சட்டத்தையே மாத்தினாங்க. அந்தச் சரித்திரம் டவுன்ல இருக்குறவங்களுக்கு அவ்வளவாத் தெரியாதுங்கறதால எழுதுறேன்.

முதல்ல 1952. அப்போ சென்னை மாகாணத்துல 375 சட்டமன்ற இடம். காங்கிரஸுக்குக் கிடைச்சது 152தான், பெரும்பான்மை இல்லை. அந்தத் தேர்தல்ல வடதமிழ்நாட்டு வன்னியர் விவசாயக் குடும்பங்களை நம்பி ரெண்டு சின்னக் கட்சிக நின்னுச்சு. எஸ்.எஸ். ராமசாமி படையாச்சியார் நடத்தின உழைப்பாளர் கட்சி 19 இடம் ஜெயிச்சது. மாணிக்கவேலு நாயக்கரோட காமன்வீல் கட்சி 6 இடம் ஜெயிச்சது. முதல் தேர்தல்லயே ஆட்சி யாருக்குன்னு முடிவு பண்ற இடத்துக்கு அவங்க வந்துட்டாங்க. ரெண்டு தலைவர்களும் பின்னாடி மந்திரி ஆனாங்க, கட்சி ரெண்டும் காங்கிரஸோட கரைஞ்சு போச்சு.

அன்னைக்கு ஓட்டுப் போட்ட முறையையும் சொல்லோணும். சீட்டுல முத்திரை குத்துறதெல்லாம் இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டி மேல சின்னம் ஒட்டியிருக்கும். பிடிச்ச பெட்டியில சீட்டைப் போட்டுட்டு வரலாம். பெரிய கட்சிக்குப் பெரிய பெட்டி, சின்னக் கட்சிக்குச் சின்னப் பெட்டின்னு கிடையாது.

அடுத்தது எங்க கொங்கு நாட்டுக் கதை. கோயம்புத்தூர் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு அய்யா பேரை விவசாயி யாரும் மறக்க மாட்டாங்க. 1970ல மோட்டார் கரண்டுக்கு யூனிட் 8 பைசாவை 10 பைசாவா ஏத்தினப்போ ஆரம்பிச்ச போராட்டம் அது. பெருமாநல்லூர்ல துப்பாக்கிச் சூடு நடந்து மூணு விவசாயிக செத்தாங்க. 1972ல கோயம்புத்தூர் வீதியெல்லாம் மாட்டுவண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி நகரத்தையே நிக்க வெச்சாங்க. பின்னாடி விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்ததுக்கு வேர் அங்கதான் இருக்குது. அவ்வளவு பெரிய சங்கம். 1982ல அதுலிருந்து ஒரு கட்சியை ஆரம்பிச்சார். 1984 டிசம்பர்ல, தேர்தல் வேலையா கோவில்பட்டிக்குப் போன இடத்துலயே அய்யா காலமாயிட்டார். அதுக்கப்புறம் அந்தக் கட்சி தலையெடுக்கவே இல்லை. வண்டியைக் கொண்டாந்து ரோட்டுல நிறுத்தின அதே சனம், ஓட்டுன்னு வந்தப்போ பழைய சின்னத்துக்கே போயிருச்சு.

இப்ப 1996க்கு வாறேன். ஈரோட்டுக்குப் பக்கத்துல மொடக்குறிச்சின்னு ஒரு தொகுதி. அப்போ மாவட்டத்துக்குப் பேர் பெரியார் மாவட்டம். மஞ்சளும் கரும்பும் தென்னையும் விளையற பூமி. எங்க கோரிக்கையை யாரும் காதுல வாங்கலைன்னு விவசாயிக ஒரு யோசனை பண்ணினாங்க. கட்சி ஆரம்பிச்சு ஒருத்தரை நிறுத்தினாத்தானே தோக்கடிப்பாங்க, ஆளாளுக்கு வேட்புமனு போட்டுட்டா என்ன பண்ணுவாங்க?

அப்படியே போட்டாங்க. கடைசியில களத்துல நின்னவங்க 1033 பேர்.

தேர்தலைக் குறிச்ச தேதியில நடத்த முடியலை, தள்ளி வெச்சுத்தான் நடத்துனாங்க. வாக்குச்சீட்டு தாளா இல்லை, புஸ்தகமா அச்சடிச்சாங்க. எங்க மாமன் ஊரு அந்தத் தொகுதிதான். ஓட்டுப் போட்டுட்டு வந்து, "பஞ்சாங்கத்தைக் கையில குடுத்த மாதிரி இருந்துச்சு மாப்ளே, பேரைத் தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள கண்ணு பூத்துப்போச்சு"ன்னு சொன்னார். திமுகவோட சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயிச்சாங்க. நின்னவங்கள்ல 88 பேருக்கு ஒரு ஓட்டுக்கூட விழலை. 158 பேருக்கு ஒரே ஒரு ஓட்டு. அதாவது ஒரு ஓட்டும் வாங்காத 88 பேரும் தன் ஓட்டைக்கூடத் தனக்குப் போட்டுக்கலை. ஜெயிக்கோணும்னு அவங்க நிக்கலைங்க, கணக்குல தெரியோணும்னு நின்னாங்க.

அதே வருசம் ஆந்திராவுல நல்கொண்டா நாடாளுமன்றத் தொகுதியில 480 பேர் நின்னாங்க. ஃபுளோரைடு கலந்த தண்ணியைக் குடிச்சு எலும்பு வளைஞ்சு போற சனங்களோட கோபம் அது. நாடு முழுக்க 1996 நாடாளுமன்றத் தேர்தல்ல நின்னவங்க 13,952 பேர்.

டெல்லிக்காரங்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேந்துச்சு. ஆனா அவங்க காதுல விழுந்தது தண்ணியும் இல்லை, விலையும் இல்லை. "கூட்டம் ஜாஸ்தியாயிருச்சு, கதவைச் சின்னதாக்கு"ங்கறதுதான் விழுந்துச்சு. 1996லயே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தினாங்க. அதுல சின்னக் கட்சிக்காரனுக்கு முக்கியமான விசயம் மூணு.

ஒண்ணு, டெபாசிட். 1951 சட்டத்துல சட்டமன்றத்துக்கு 250 ரூபா, நாடாளுமன்றத்துக்கு 500 ரூபா. 1996 வரைக்கும் அதேதான். அதை 5,000, 10,000 ஆக்குனாங்க. பிறகு 2009ல கொண்டுவந்த திருத்தத்துல 10,000, 25,000 ஆச்சு. தாழ்த்தப்பட்ட, பழங்குடி வேட்பாளர்களுக்குப் பாதி. 1033 பேர் தலைக்கு 250 ரூபா கட்டினா 2,58,250 ரூபா. அதே ஆளுக இன்னைக்குத் தலைக்கு 10,000 கட்டினா ஒரு கோடியே மூணு லட்சத்து முப்பதாயிரம் ரூபா. 45 வருசமா ஏத்தாம வெச்சிருந்த தொகைங்கறதால ஏத்தினதை மட்டும் நான் தப்புச் சொல்லலை.

ரெண்டு, முன்மொழியறவங்க. அங்கீகாரம் வாங்கின கட்சி வேட்பாளருக்கு ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதும். சுயேச்சைக்கும், பதிவு மட்டும் பண்ணிட்டு அங்கீகாரம் வாங்காத கட்சிக்கும் பத்துப் பேர் வேணும். பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளராத்தான் இருக்கோணும்.

மூணு, நாள் கணக்கு. வாபஸ் வாங்குற கடைசி நாளுக்கும் ஓட்டுப்பதிவுக்கும் நடுவுல முன்னாடி குறைஞ்சது 20 நாள் இருந்துச்சு. அதை 14 ஆக்குனாங்க. இதுல என்ன இருக்குன்னு தோணும். வாபஸ் முடிஞ்ச பொறகுதான் சுயேச்சைக்குச் சின்னமே கையில வரும். உதயசூரியனையும் ரெட்டை இலையையும் சுவத்துல எழுத அம்பது வருசம் இருந்துச்சு. இவனுக்கு ரெண்டே வாரம்.

1998 நாடாளுமன்றத் தேர்தல்ல வேட்பாளர்கள் 4,750 பேர்தான். திருத்தம் வேலை செஞ்சுது. ஆனா விளையாட்டுக்கு நின்னவன், கோபத்துல நின்னவன், நெசமாவே கட்சி கட்டோணும்னு நின்னவன், மூணு பேரையும் ஒரே சல்லடையில போட்டுச் சலிச்சுட்டாங்க.

இது காகிதத்துல படிக்கறப்போ சின்ன விசயமாத் தெரியும். நானும் ஒரு தடவை அந்தப் பத்துப் பேர்ல ஒருத்தன். எங்க பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருத்தர் ஒரு சின்னக் கட்சி சார்புல சட்டமன்றத்துக்கு நின்னார். கட்சிப் பேரை விட்டுடறேன், இப்ப அது நடப்புல இல்லை. டெபாசிட்டுக்கு ஒரு மாட்டை வித்தார். பத்துக் கையெழுத்துதானேன்னு நெனச்சாச் சுலபம் மாதிரி இருக்கும். ஒவ்வொருத்தருக்கும் வாக்காளர் பட்டியல்ல பாகம் எண், வரிசை எண் சரியா எழுதோணும். பட்டியலைத் திருத்தினப்போ ரெண்டு பேருக்குப் பாகமே மாறியிருந்துச்சு. நல்லவேளை, வார்டு மெம்பர் கிட்டப் புதுப் பட்டியல் இருந்துச்சு, ராத்திரி உக்காந்து எல்லாத்தையும் சரி பாத்தோம். ஒரு அம்மிச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கைநாட்டுன்னா அதிகாரி முன்னாடிதான் வெக்கோணும், வீட்டுல வெச்சு எடுத்துட்டுப் போனாச் செல்லாது. அதனால அவங்களை நூறுநாள் வேலையிலிருந்து கூட்டிட்டு, வேன் வெச்சுக் கொண்டுபோனோம். அம்மிச்சி வழியெல்லாம், "ஏஞ்சாமி, எதுக்கு இத்தனை கை? பத்து நகத்துக்கும் மை வெப்பாங்களா?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தாங்க.

இதுபோகக் கட்சித் தலைவர் மையில கையெழுத்துப் போட்ட ஏ படிவம், பி படிவம் மனுத்தாக்கல் கடைசி நாள் மூணு மணிக்குள்ள போய்ச் சேரோணும். ஜெராக்ஸ் செல்லாது. பெரிய கட்சிக்கு இதுக்குன்னே வக்கீல் அணி இருக்குது. எங்களுக்கு இருந்தது ஈரோட்டு பஸ்ஸுல வந்த ஒரு பையன். மனு ஏத்துக்கப்பட்டுச்சு. ஓட்டுப்பதிவு அன்னைக்குப் பாதிக்கு மேல பூத்துல உக்கார எங்களுக்கு ஏஜெண்டு இல்லை. டெபாசிட் போச்சு. அந்த அண்ணன் மறுநா வழக்கம்போலத் தண்ணி பாய்ச்சப் போயிட்டார்.

டெபாசிட் திரும்பி வரோணும்னா பதிவான செல்லத்தக்க ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கோணும். 1,80,000 ஓட்டு விழுந்தா 30,000 ஓட்டைத் தாண்டோணும். பத்தாயிரம் பேர் நம்பி ஓட்டுப் போட்ட ஒருத்தனும், எட்டுப் பேர் போட்டவனும் சட்டத்துக்கு ஒண்ணுதான், ரெண்டு பேருக்கும் பணம் போகும். இதுதான் எனக்கு ஒப்பலை. பத்துக் கையெழுத்து நியாயம். சொந்த ஊர்ல பத்துப் பேரைச் சேக்க முடியாதவன் நிக்கவே வேண்டாம். ஆனா ஆறுல ஒண்ணு நியாயமில்லைங்க.

சின்னத்துக் கதையும் அப்படித்தான். அங்கீகாரம் இல்லாத கட்சி எல்லாத் தொகுதிக்கும் ஒரே சின்னம் கேக்கோணும்னா, சட்டமன்றத் தேர்தல்ல குறைஞ்சது 5 சதவீதத் தொகுதியில ஆள் நிறுத்தோணும். நம்ம 234க்குக் கணக்குப் போட்டா 12 தொகுதி. 120 கையெழுத்து, 1,20,000 ரூபா. அப்படி வாங்கின சின்னமும் நிலைக்காது. முன்னாடி யார் கேக்கறாங்களோ அவங்களுக்கே. 2024ல நாம் தமிழர் கட்சிக்கு இருந்த கரும்பு விவசாயி சின்னம் அப்படித்தான் வேற மாநிலக் கட்சிக்குப் போச்சு. அவங்க மைக் சின்னத்துல நின்னு, 8 சதவீதத்துக்கு மேல ஓட்டு வாங்கின பொறகு அங்கீகாரம் கிடைச்சுது. அந்தக் கட்சிக்குப் பரிஞ்சு இதைச் சொல்லலை. எட்டுச் சதவீதம் வர்ற வரைக்கும் சின்னம் வாடகை வீடு மாதிரிதான்னு சொல்ல வந்தேன்.

இவ்வளவு ஆன பொறகும் விவசாயி விடலை. 2019ல தெலங்கானா நிஜாமாபாத்துல மஞ்சளுக்கு விலை வேணும், மஞ்சள் வாரியம் வேணும்னு தலைக்கு 25,000 கட்டி நின்னாங்க. மொத்தம் 185 வேட்பாளர்கள், 170க்கு மேல விவசாயிக. ஒவ்வொரு பூத்துலயும் ஓட்டு மெசினை 12 பெட்டியாச் சேத்து வெச்சாங்க. முதலமைச்சரோட மகளே அங்க தோத்துட்டாங்க. அதே விவசாயிகள்ல கொஞ்சம் பேர் பிரதமர் நின்ன வாரணாசிக்கும் போனாங்க. அங்கதான் பத்துக் கையெழுத்து பிடிச்சு நிறுத்துச்சு. பாசை தெரியாத ஊர்ல பத்து வாக்காளரை எங்க போய்த் தேடறது? ஒருத்தர் மனு மட்டும்தான் நின்னுச்சு, மத்ததெல்லாம் தள்ளுபடி. ஆனாலும் 2025ல தேசிய மஞ்சள் வாரியம் வந்துச்சு, தலைமையிடம் நிஜாமாபாத். மஞ்சள் போடற எங்க ஈரோட்டு விவசாயிக்கும் அது சம்பந்தப்பட்ட விசயம்தான்.

மறுபடி மொடக்குறிச்சியைப் பாருங்க. 2021ல அதே சுப்புலட்சுமி ஜெகதீசன் அதே தொகுதியில நின்னு 281 ஓட்டுல பாஜகவோட சரஸ்வதி கிட்டத் தோத்தாங்க. டெபாசிட் போன சின்னக் கட்சிக வாங்கின ஓட்டு அந்த 281ஐ விடப் பல மடங்கு. 1033 பேர் செய்ய முடியாததைச் சில ஆயிரம் ஓட்டு செஞ்சுருச்சு.

அதனால பசங்களுக்கு நான் சொல்ற பதில் இதுதான். கட்சி ஆரம்பிக்கறதை எம்எல்ஏ மனுவுல ஆரம்பிக்கக் கூடாது. பஞ்சாயத்து வார்டுக்கு டெபாசிட் 200 ரூபா, தலைவருக்கு 600 ரூபா. கட்சிச் சின்னமே கிடையாது, எல்லாருக்கும் புதுச் சின்னம், அந்தப் பழைய பெட்டிக் காலம் மாதிரி. அங்க ஜெயிச்சு ரோட்டையும் தண்ணித் தொட்டியையும் ஒழுங்காப் பாத்தவனுக்குப் பத்துக் கையெழுத்தும் கிடைக்கும், பூத்துக்கு ஏஜெண்டும் கிடைப்பான். அவனுக்கும் சின்னமும் டெபாசிட்டும் மிச்சம் இருக்கும். அதைச் சட்டம்தான் பாத்துச் சரி பண்ணோணும்.

டவுன்ல இருக்கறவங்க கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அடுத்த தேர்தல்ல மெசின்ல பதினோராவது, பன்னெண்டாவது வரிசையில தெரியாத பேரும் தெரியாத சின்னமும் இருக்கும். சிரிச்சுட்டுப் போயிராதீங்க. அவங்கவங்க பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்துல எல்லாரும் பாக்கற மாதிரிப் போட்டிருப்பாங்க, பத்து நிமிசம் படிச்சுப் பாருங்க. பிடிச்சாப் போடுங்க, பிடிக்கலைன்னா விடுங்க. மாட்டை வித்துட்டு வந்து நின்னவனா இருந்தாலும் இருப்பான்.