சர்க்கஸும் ஓர் ஆசிரியரும்

சர்க்கஸின் இராக் காட்சியை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். ஊர்ப்புறத்து மைதானத்தில் பெரிய கூடாரம். வாயிலில் வண்ண விளக்குகள். நடுவே வட்டமான அரங்கு. வாத்தியம் முழங்க, ஆட்டக்காரர்கள் அணிவகுத்து வருகின்றனர். கோமாளி தடுக்கி விழுகிறான், கூட்டம் சிரிக்கிறது. இறுதியில் விளக்குகள் உயரே திரும்ப, பார் விளையாட்டு தொடங்குகிறது. ஒருவர் கைவிட்டுப் பறந்து வந்து மற்றவர் கையைப் பற்றும் வரையில் கூடாரம் மூச்சடக்கி நிற்கிறது.

அந்த அரங்கு வட்டமாக இருப்பானேன்? அதற்குக் காரணம் குதிரை. பிலிப் ஆஸ்ட்லி என்ற ஆங்கிலேயக் குதிரைப் படை வீரர், 1768இல் இலண்டனில் குதிரையேற்ற வித்தைகளைக் காட்டத் தொடங்கினார். குதிரை வட்டமாக ஓடும்போது, அதன் முதுகில் நிற்பவர் உட்புறமாகச் சற்றுச் சாய்ந்தால் நிலை தவறாமல் நிற்கலாம் என்பது அவர் பயன்படுத்திய உண்மை. அவர் கண்ட 42 அடி விட்டமே இன்றளவும் சர்க்கஸ் அரங்கின் அளவாக வழங்குகிறது. குதிரையேற்றத்துக்கு இடையிடையே கயிற்றில் நடப்போரையும் கோமாளியையும் சேர்த்தவரும் அவரே. பார் விளையாட்டோ பின்னர் வந்தது. 1859இல் பாரிஸ் நகரத்தில் ஜூல் லியோதார் என்ற இளைஞர் அதனை முதன்முதலாக மக்கள் முன் ஆடிக் காட்டினார்.

இக்கலை நம் நாட்டுக்கு வந்த வரலாறு சுவையானது. 1879இல் சியாரினி என்ற இத்தாலியர் தம் குழுவுடன் பம்பாய்க்கு வந்தார். இந்தியர்கள் சொந்தமாகச் சர்க்கஸ் நடத்தும் காலம் இன்னும் வரவில்லை என்று அவர் கூறியதாகச் சொல்லுவர். குருந்துவாட் சமஸ்தானத்தில் குதிரைகளைப் பழக்கி வந்த விஷ்ணுபந்த் சத்ரே அதைப் பொறுக்கவில்லை. சொல்லால் விடை கூறாமல் செயலால் விடை கூறினார். 1880 மார்ச்சில் அவருடைய ‘கிரேட் இந்தியன் சர்க்கஸ்’ அரங்கேறியது.

சத்ரேயின் குழு பின்னர்த் தலச்சேரிக்குச் சென்றது. அந்நாளில் அவ்வூர் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. அங்கே கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் இருந்தார், களரிப்பயிற்று அறிந்தவர். சத்ரேயின் தொடர்பால் சர்க்கஸில் ஈடுபாடு கொண்ட அவர், 1901இல் தலச்சேரியை அடுத்த சிறக்கரையில் சர்க்கஸ் பயிற்சிக் கூடம் ஒன்றை நிறுவினார். அதன் பயனாக, பல தலைமுறைகள் வரையில் இந்தியச் சர்க்கஸ் குழுக்களில் மலபார்க்காரர் இல்லாத குழு அரிதாயிற்று. சிறுவயதில் அவரிடம் பயின்ற சங்கரன் என்பவரே 1951இல் ஜெமினி சர்க்கஸைத் தொடங்கியவர்.

சியாரினி வந்து போனார். வியப்பு மட்டுமே எஞ்சியது. குஞ்ஞிக்கண்ணன் கற்பித்தார், கலை வேரூன்றியது. ஒரு வித்தையைக் கண்டு கைதட்டுவது ஒரு நாள் மகிழ்ச்சி. அதைப் படிப்படியாகப் பிரித்துப் பிறருக்குப் பழக்குவதே அதை ஒரு நாட்டின் உடைமையாக்குகிறது. பார் விளையாட்டைக் கற்பவன் பறக்கக் கற்பதற்கு முன்னால், வலையில் முதுகுபட விழக் கற்கிறான் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் காணும் ஒரு நொடிப் பாய்ச்சலுக்குப் பின்னால் எத்தனையோ விழுதல்கள் உண்டு.

இவ்வரலாற்றில் நிழலும் உண்டு. அதை மறைப்பது முறையன்று. கூண்டில் அடைபட்ட விலங்குகளும், பள்ளி செல்ல வேண்டிய வயதில் அரங்கேறிய குழந்தைகளும் அக்கைதட்டலுக்கு விலை கொடுத்தனர். புலி, சிங்கம், கரடி முதலியவற்றை வித்தைக்குப் பயன்படுத்துவதை 1998இல் மத்திய அரசு தடுத்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை உறுதி செய்தது. சர்க்கஸில் சிறுவரை வேலைக்கு வைப்பதைத் தடை செய்யுமாறு அதே நீதிமன்றம் 2011இல் ஆணையிட்டது. இவை இரண்டும் நியாயமானவையே.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. இளமையிலேயே பழக வேண்டிய இக்கலையை இனி எங்கே கற்பது? 2010இல் கேரள அரசு தலச்சேரியில் ஒரு சர்க்கஸ் பயிற்சிக் கழகத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது நின்று போயிற்று. குழந்தை காலையில் பாடம் படித்து, மாலையில் நல்ல ஆசிரியரிடம் உடற்கலை பயிலும் பள்ளிகள் அமையுமானால், எவர் உரிமையும் கெடாமல் இக்கலை வாழும். குஞ்ஞிக்கண்ணன் காட்டிய வழி அதுவே. கூடாரங்கள் குறைந்து வரும் இந்நாளில், அவ்வழியைத் தொடருவது உங்கள் தலைமுறையின் கையில் இருக்கிறது.