அலுமாரியிலிருந்து இறங்கிய பீங்கான்

எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. அதற்குள் பொன்விளிம்பிட்ட தேநீர்ச் செட் ஒன்று விருந்தாளிகளுக்காகக் காத்திருக்கும். நாங்கள் பேணியில் குடிப்போம். ஒருநாள் ஆறு கோப்பைகளில் ஒன்று கைதவறி உடைந்தது. செட் குலைந்துவிட்டதே என்று அம்மா அழுதார். எஞ்சிய ஐந்தும் அதன்பின் விருந்துக்கும் உதவவில்லை, வீட்டுக்கும் உதவவில்லை.

பல ஆண்டுகளின் பின் காய் ஃபிராங்க் என்ற பின்லாந்து வடிவமைப்பாளரைப் பற்றிப் படித்தபோது அம்மாவின் அந்த அழுகைதான் நினைவுக்கு வந்தது. இன்று அவரைப் பற்றியே பேச நினைக்கிறேன்.

ஃபிராங்க் 1911இல் வீபுரி நகரில் பிறந்தவர். போரில் அந்த நகரம் சோவியத் ஒன்றியத்தின் வசமாயிற்று. வீபுரியிலிருந்தும் அதைச் சூழ்ந்த கரேலியாவிலிருந்தும் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை இழந்து இடம்பெயர்ந்தனர். தோற்ற நாடு 30 கோடி டொலர் பெறுமதியான பொருட்களை 1952 வரை போர் இழப்பீடாகச் செலுத்த வேண்டியிருந்தது. மக்கள் ஒடுங்கிய வீடுகளில் வாழ்ந்தார்கள். பன்னிரண்டு பேருக்கான விருந்துச் செட்டை அங்கே எந்த அலுமாரியில் வைப்பது?

1945இல் ஃபிராங்க் ஹெல்சிங்கியின் அரேபியா பீங்கான் தொழிற்சாலையில் சேர்ந்தார். பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். தொழிற்சாலை நின்ற பகுதிக்கே அரேபியா என்றுதான் பெயர். 1873இல் தொடங்கிய பழைய நிறுவனம் அது. ஒரு சாதாரணக் குடும்பம் ஒரு நாளில் எந்தெந்தப் பாத்திரத்தைக் கையிலெடுக்கிறது என்பதே அங்கே அவர் எழுப்பிய கேள்வி. அதற்கான விடை 1953இல் 'கில்தா' என்ற பெயரோடு கடைக்கு வந்தது.

வட்டம், சதுரம், நீள்சதுரம் ஆகிய மூன்றே அடிப்படை வடிவங்கள். மேசையில் வீணே இடம்பிடிக்கும் அகன்ற விளிம்பை ஃபிராங்க் நீக்கினார். பூவும் பொன்கோடும் போயின. வெள்ளை, கறுப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்ற மெருகு நிறங்களே அழகாயின. பாத்திரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுங்கின. பரிமாறும் கிண்ணமே எஞ்சியதை எடுத்து வைக்கவும் உதவியது. பாலாடைச் சாடி ஒன்றுக்குத் தக்கை மூடியிட்டு, இரட்டைக் கண்ணாடி யன்னலின் இடைவெளிக்குள் நிற்கும்படி ஒடுக்கமாக அமைத்திருந்தார். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அந்த இடைவெளிதான் குளிரான இடம். எந்த வீட்டுக்காக வரைகிறோம் என்பதை அவர் அறிந்திருந்தார் என்பதற்கு இந்தச் சாடி ஒன்றே போதும்.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் விற்பனையில் இருந்தது. பாத்திரங்களைத் தனித்தனியே வாங்கலாம். கையில் காசுள்ள மாதம் ஒரு பச்சைக் கிண்ணம், அடுத்த மாதம் ஒரு மஞ்சள் தட்டு. ஒன்று உடைந்தால் ஒன்றையே வாங்கினால் போதும். குலைவதற்குச் செட் என்று ஒன்று இல்லையே! அம்மா அழ வேண்டியிருந்திராது.

கில்தா குறையில்லாதது என்று சொல்ல மாட்டேன். மென்மையான மட்பாண்டமாகையால் அதன் ஓரம் எளிதில் சிதைந்தது. 1970களின் நடுவில் உற்பத்தி நின்றது. ஃபிராங்க் அதைத் திருத்தியமைக்க, 1981இல் உறுதி கூடிய 'தேமா' வெளிவந்தது. பொருளை விற்க வடிவமைப்பாளரின் பெயரை முன்னிறுத்துவதை அவர் விரும்பியதில்லை. பாத்திரம் தன் பயனால் நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1989இல் அவர் காலமானார். 2016இல் ஹெல்சிங்கித் தொழிற்சாலையின் சூளைகளும் ஓய்ந்தன. தேமா இன்றும் விற்பனையாகிறது.

கில்தாவோ இன்று சேகரிப்போர் தேடியலையும் பழம்பொருள். அலுமாரிக்கு வெளியே வாழப் பிறந்த கிண்ணம் அருங்காட்சியகத்தின் கண்ணாடிக்குள் அமர்ந்திருக்கிறது; ஃபிராங்கின் பெயரும் அதன் அருகே எழுதப்பட்டிருக்கிறது. இதை அவர் விரும்பியிருப்பாரா?

இரண்டு இடப்பெயர்வுகளின் பின் அம்மாவின் ஐந்து கோப்பைகளில் ஒன்றுதான் எங்களிடம் மிஞ்சியது. நான் அதை அலுமாரியில் வைக்கவில்லை. தினமும் காலையில் அதில்தான் தேநீர் குடிக்கிறேன். பொன்விளிம்பு முழுவதும் தேய்ந்துவிட்டது.