காயலில் கூடிய மாநாடு

ஓணம் நெருங்கினால் நம் பிள்ளைகளின் செல்போனில் பாம்புப் படகுகள் ஓடத் தொடங்கிவிடும். மணப்பாறையில் எங்கள் மாலை வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவர் அப்படியொரு வீடியோவைக் காட்டி, "அக்கா, இந்தப் படகெல்லாம் யாருது? இதுல நம்ம ஆளுங்க இருப்பாங்களா?" என்று கேட்டார். ஆறில்லாத ஊர்ப் பிள்ளை கேட்ட அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் படகைப் பார்ப்போம். கேரளத்தின் சுண்டன் வள்ளம் 100 அடிக்கு மேல் நீளமானது. ஆஞ்சிலி மரத்தால் செய்வார்கள். பின்முனை சுமார் 20 அடி உயரத்துக்கு எழும்பி நிற்கும். ஏறக்குறைய 100 பேர் ஒரே தாளத்தில் துடுப்பு போட வேண்டும். ஒருவர் தாளம் தவறினாலும் வேகம் குறையும். அந்தத் தாளத்தைக் காப்பதற்கே வஞ்சிப்பாட்டு. செம்பகசேரி மன்னர் காலத்தில் போருக்காக உருவான படகு இது என்று சொல்லப்படுகிறது.

பம்பை ஆற்றின் கரையில் உள்ள ஆறன்முளையில் இதையே பள்ளியோடம் என்கிறார்கள். அங்கே அது கோயிலுக்குரிய புனிதப் படகு. செருப்புக் காலோடு ஏறக்கூடாது. பெண்கள் ஏறவே கூடாது. 100 பேர் ஏறுகிற படகில்கூட யார் ஏறலாம் என்பதற்கு ஒரு கோடு இருக்கிறது, தோழர்களே.

1952-இல் பிரதமர் நேரு ஆலப்புழைக்கு வந்தபோது அவருக்காகப் படகுப் போட்டி நடத்தினார்கள். நடுபாகம் சுண்டன் வென்றது. உற்சாகத்தில் நேருவே அந்தப் படகில் ஏறிவிட்டார். பிறகு வெள்ளியில் செய்த படகுக் கோப்பையை அனுப்பிவைத்தார். புன்னமடைக் காயலில் ஆண்டுதோறும் நடக்கும் நேரு கோப்பைப் போட்டி இப்படித் தொடங்கியதுதான். எல்லாப் பொது அறிவுப் புத்தகத்திலும் இது இருக்கும்.

அந்தக் காயலைச் சுற்றியுள்ள குட்டநாட்டின் கதை அவ்வளவு எளிதாகக் கிடைக்காது. அங்கே வயல்கள் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கின்றன. காயலின் அடியில் மூழ்கிச் சேறு வெட்டி, வள்ளத்தில் ஏற்றி, துடுப்பு போட்டுக் கொண்டுவந்து வரப்பு கட்டினால்தான் நிலம் கிடைக்கும். பிறகு காலால் சக்கரம் மிதித்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்களில் பெரும்பகுதியினர் புலையர், பறையர் மக்கள். ஆக, அந்தத் தண்ணீரில் நம் ஆட்கள் எப்போதும் துடுப்பு போட்டார்கள். கோப்பைக்காக அல்ல, கூலிக்காக. அவர்கள் உண்டாக்கிய நிலம் அவர்களுக்குச் சொந்தமாகவில்லை.

கொச்சி அரசில் அடிமைமுறை 1854-இல் சட்டப்படி ஒழிந்தது, திருவிதாங்கூரில் 1855-இல். ஆனாலும் பொதுச்சாலை, பள்ளிக்கூடம், சந்தை எதுவும் புலையர்களுக்குத் திறக்கவில்லை. எர்ணாகுளத்தில் அவர்கள் கூட்டம் போட ஓர் அடி நிலம் கிடையாது.

1913-இல் அவர்கள் ஒரு வழி கண்டார்கள். நிலத்தில்தானே கூடக்கூடாது? தண்ணீரில் கூடலாமே! மீனவச் சமூகத்தில் பிறந்த கவிஞர் பண்டிட் கருப்பன் துணை நின்றார். சாதியைக் கேள்வி கேட்கும் 'ஜாதிக்கும்மி'யை எழுதியவர் அவர். சிறு வள்ளங்களில் துடுப்பு போட்டு மக்கள் கொச்சிக் காயலுக்கு வந்தார்கள். வள்ளங்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டினார்கள். மிதக்கிற அந்த மேடையில் மாநாடு நடந்தது. காயல் சம்மேளனம் என்று வரலாறு அதைச் சொல்கிறது. அதே ஆண்டில் கொச்சி புலைய மகாசபை உருவானது. கிருஷ்ணாதி ஆசான் அதன் முன்னோடிகளில் ஒருவர். 1925-இல் பண்டிட் கருப்பன் கொச்சி சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். பின்னாளில் புலையர் சமூகத்திலிருந்தே கே.பி. வள்ளோன் அந்தச் சபைக்குப் போனார்.

மாணவருக்கு என் பதில் இதுதான்: தம்பி, கேரளத்தின் மிகப் பெரிய படகு சுண்டன் வள்ளம் இல்லை. 1913-இல் சிறு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டிய அந்தப் படகுதான். அதற்குக் கோப்பை கிடையாது. ஆனால் அதில் போனவர்கள் கரையேறினார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் மாலை வகுப்பு நடத்தச் சமுதாயக்கூடத்தின் சாவி கேட்டோம். "பூட்டு ரிப்பேர்" என்றார்கள். மறுவாரம் அங்கே ஒரு வளைகாப்பு நடந்தது. பூட்டு நன்றாகத்தான் திறந்தது. நாங்கள் குளத்துக் கரையில் பாய் விரித்தோம். முதல் நாள் ஆறு பிள்ளைகள். மாத முடிவில் இருபதுக்கு மேல்.

குளத்துக் கரையோடு நின்றுவிடவும் இல்லை. சாவி கேட்டு மனு கொடுத்தோம். இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். காயலில் கூடியவர்களும் காயலிலேயே இருந்துவிடவில்லையே.

ஜெய்பீம்!