கடல் தந்த பீங்கானும் பெரியம்மாவின் சீனச்சாடியும்

லண்டனில் போர்டபெல்லோ வீதியில் சனிக்கிழமைதோறும் பழம்பொருட் சந்தை கூடும். 2006 இல் அங்கு சென்றிருந்தபோது ஒரு கடையில் நீலப் பூவேலை செய்த சிறிய தட்டொன்றைக் கண்டேன். தேநீர்க் கிண்ணத்தின் அடியில் வைப்பது. புரட்டிப் பார்த்தேன். அடிப்புறத்தில் வட்டமான கடதாசித் துண்டு ஒட்டப்பட்டிருந்தது. நகத்தால் அதனைச் சுரண்டப் போனேன். கடைக்காரர் பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். தட்டின் விலையில் பாதி அந்தக் கடதாசிக்குத்தான் என்றார்.

அது ஏலச் சிட்டை. அதன் பின்னால் ஒரு கப்பலின் கதை இருக்கிறது.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் 'கெல்டர்மால்சன்' என்ற கப்பல் 1751 டிசெம்பரில் சீனாவின் கன்ரன் துறையிலிருந்து நெதர்லாந்துக்குப் புறப்பட்டது. (அந்நாட்களில் யாழ்ப்பாணக் கோட்டையிலும் இதே கம்பனியின் ஆட்சியே நடந்துகொண்டிருந்தது.) 1752 ஜனவரி 3 ஆம் திகதி தென்சீனக் கடலில் பாறையில் மோதி மூழ்கியது. கப்பலில் இருந்த 112 பேரில் 32 பேர் மாத்திரமே படகுகளில் தப்பிப் பத்தாவியாவை அடைந்தனர். தப்பியவர்களைக் கம்பனி அதிகாரிகள் துருவித் துருவி விசாரித்தார்கள். இறந்தவர்களைப் பற்றி அல்ல, கப்பலில் இருந்த 147 தங்கத் துண்டுகளுக்கு என்ன நடந்தது என்று.

ஏறத்தாழ ஏழு இலட்சம் இறாத்தல் தேயிலையும், பட்டும், 2 இலட்சத்து 39 ஆயிரம் பீங்கான் பொருட்களும் அதில் ஏற்றப்பட்டிருந்தன. பெறுமதியில் பீங்கானின் பங்கு மிகச் சிறியது. நனைந்தாலும் பழுதாகாது, பாரமும் உண்டு என்பதால் அதனை அடித்தளத்தில் அடுக்கி, நனையக் கூடாத தேயிலைப் பெட்டிகளை மேலே வைப்பது வழக்கம். கப்பல் உடைந்தபோது அந்தத் தேயிலை சரிந்து மக்கி, சேற்றோடு சேர்ந்து பீங்கானைப் போர்வைபோல் மூடிக்கொண்டது. இலாபம் தரவேண்டிய சரக்கு அழிந்து, அடித்தளத்துப் பாரத்தை இருநூற்றாண்டுக்கும் மேலாகக் காப்பாற்றியிருக்கிறது.

1985 இல் மைக்கல் ஹற்சர் என்ற பிரித்தானியர் அதனைக் கண்டுபிடித்தார். ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பீங்கான்களும் நூற்றுக்கும் அதிகமான தங்கத் துண்டுகளும் மேலே வந்தன. 1986 இல் கிறிஸ்ரிஸ் நிறுவனம் அவற்றை அம்ஸ்ரர்டாமில் ஏலமிட்டது. 'நான்கிங் சரக்கு' என்று பெயரும் சூட்டியது. கப்பல் புறப்பட்டது கன்ரனிலிருந்து, பீங்கான் சுடப்பட்டது ஜிங்தெசென் சூளைகளில். நான்கிங் என்பது நீலப் பீங்கானுக்கு ஆங்கில வியாபாரிகள் வழங்கிய பழைய பெயர், அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பெயர் விற்றது. மதிப்பீடுகளைப் பன்மடங்கு தாண்டி ஏறக்குறைய ஒரு கோடி பவுண் சேர்ந்தது.

எல்லாம் நல்ல நிலையில் இருந்தன என்று எண்ணிவிடக் கூடாது. பளபளப்புப் பூச்சின் கீழே தீட்டிய நீலம் கடலுக்கு அசையவில்லை. பூச்சின் மேல் தீட்டிய சிவப்பும் பொன்னும் பெரும்பாலும் கரைந்துபோயின. பழம்பொருள் வாங்குவோர் இதனை அறிந்து வைத்திருப்பது நல்லது. கடலடிப் பீங்கான் என்று சொல்லி, பளிச்சென்ற பொன்வேலையோடு ஒன்றை நீட்டினால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

அந்த ஏலத்துக்குச் சீனா தனது பீங்கான் நிபுணர்கள் இருவரை 30,000 டொலருடன் அனுப்பியது. ஒரு பொருளைக்கூட வாங்க முடியாமல் அவர்கள் திரும்பினார்கள். தங்கள் நாட்டுச் சூளையில் சுட்ட தட்டு வேறொருவர் கைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இருவரை நான் பலமுறை நினைத்ததுண்டு. மறு ஆண்டே சீனா நீரடித் தொல்லியலைத் தொடங்கியது. 1989 இல் இந்தோனேசியாவும் மூழ்கிய சரக்குகளுக்கென ஒரு தேசியக் குழுவை நியமித்தது. 2001 இல் யுனெஸ்கோ உடன்படிக்கை ஒன்று நீரடி மரபுச் சின்னங்களை வாணிபப் பொருளாக்குவதைத் தடை செய்தது.

தொல்லியலாளர்களின் கோபம் விற்றதைப் பற்றியது மட்டுமல்ல. எந்தப் பெட்டி எந்த இடத்தில் கிடந்தது, கப்பலின் உடல் எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்பதெல்லாம் முறையாகப் பதியப்படவில்லை என்பதே அவர்களது குற்றச்சாட்டு. மீட்பவர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது: நாங்கள் எடுக்காவிட்டால் மீன்பிடி வலைகளும் திருடர்களும் அழித்திருப்பார்கள் என்பது. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அவசரமாக அள்ளுவதற்கு அது போதிய காரணம் என்று நான் கருதவில்லை.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். 'பீங்கான்' என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து வந்தது. மலாயர் 'பிங்கான்' என்பதும் அதுவே. சீனத்துப் பொருள் பாரசீகப் பெயரோடு எங்கள் குசினிக்குள் நுழைந்திருக்கிறது என்றால், இடையில் எத்தனை கப்பல்கள் வந்துபோயிருக்க வேண்டும்! 1977 இல் யாழ்ப்பாணத்துத் தீவகத்தின் அல்லைப்பிட்டியில் ஜோன் கார்ஸ்வெல் என்ற ஆய்வாளர் அகழ்ந்தபோது சொங் காலத்துச் சீனப் பாண்டத் துண்டுகள் கிடைத்தன. ஒல்லாந்தருக்கு ஐந்து நூற்றாண்டுகள் முந்தியவை. அந்த உடைசல்களை எந்த ஏலக்காரரும் திரும்பிப் பார்க்கமாட்டார். ஆனால் கிடைத்த இடம் தெரிந்திருப்பதால் அவை பேசுகின்றன.

எங்கள் பெரியம்மா வீட்டில், தீவகத்தில், இடுப்பளவு உயரமான சீனச்சாடி ஒன்று இருந்தது. மண்ணிறப் பூச்சு, தோளில் நான்கு காதுகள். பழம்புளி போட்டு வைத்திருந்தார். 2002 இல் ஏ9 வீதி திறந்தபின் பழம்பொருள் வியாபாரிகள் வாகனங்களோடு வடக்குக்கு வந்தார்கள். கூரையில்லாத வீட்டுக்கு இடப்பெயர்விலிருந்து திரும்பியிருந்த பெரியம்மாவுக்குச் சீமெந்து தேவைப்பட்டது. எவ்வளவுக்கு விற்றார் என்பதை என்னிடம் கடைசிவரை சொல்லவில்லை. "அப்பு காலத்துச் சாமான், தம்பி. இப்ப ஆர் புளி போடுறது?" என்றார். கூரை போட்ட மனிசியிடம் நான் வேறு என்ன கேட்பது?

பிற்பாடு கொழும்பில் கடை கடையாக ஏறி இறங்கினேன். அதைப்போன்ற சாடிகள் இருந்தன. எங்கிருந்து வந்தவை என்று கேட்டேன். ஒருவர் காலி என்றார், இன்னொருவர் பழைய வளவு ஒன்றிலிருந்து என்றார். எதிலும் சிட்டை இல்லை.

1974 இல் பெரியம்மாவின் மூத்த மகளுக்குக் கலியாணம் நடந்தது. அந்தப் படமொன்று ரொறன்ரோவில் மச்சாளிடம் இருக்கிறது. மணமக்களுக்குப் பின்னால், கதவோரத்தில், அந்தச் சாடியின் ஒரு காதும் பாதித் தோளும் தெரிகின்றன.