திருப்பதி, சித்தூர் வட்டாரத்தில் கம்பியில்லா அகலப்பட்டையின் வீச்செல்லை

ஒரு டவரிலிருந்து எவ்வளவு தூரம் வரை பயன்படுத்தத்தக்க வேகத்தில் இணையம் கிடைக்கிறதோ, அதுவே கம்பியில்லா அகலப்பட்டையின் வீச்செல்லை. இதைக் கிலோமீட்டரில் ஒற்றை எண்ணாகச் சொல்வது வழக்கம். 2022 ஏப்ரல் 4 அன்று தனித்தனியான சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் நிலம் அந்த வழக்கத்துக்கு அடங்காது. திருப்பதி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 160 மீட்டர் உயரத்திலும், திருமலை சுமார் 850 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இரண்டுக்கும் நடுவே சேஷாசல மலையின் செங்குத்தான பாறைச் சுவர் நிற்கிறது.

முதல் காரணி அதிர்வெண். அதிர்வெண் கூடக்கூட இழப்பும் கூடும். 700 மெகாஹெர்ட்ஸிலிருந்து 3500 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால், ஆன்டெனாவின் பெருக்கம் இரண்டிலும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், திறந்தவெளியிலேயே 14 டெசிபல் கூடுதல் இழப்பு. ஈடுகட்ட 25 மடங்கு திறன் வேண்டும். தாழ்ந்த அதிர்வெண் பாறை விளிம்பைச் சுற்றி வளைந்து நிழலுக்குள்ளும் ஓரளவு இறங்கும். உயர்ந்தது அவ்வளவாக வளையாது. அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் மலைச்சாலையில் ஒரு வளைவில் நகரம் முழுக்க விரிந்து தெரியும், அடுத்த வளைவில் பாறை மறைத்துவிடும். கீழிருந்து வரும் சிக்னலும் அப்படியே ஏறி இறங்கும். இத்தகைய இடங்களுக்கு 700 மெகாஹெர்ட்ஸ் அருமையான அலைவரிசை. 2022 அலைக்கற்றை ஏலத்தில் நாட்டின் 22 தொலைத்தொடர்பு வட்டங்களிலும் அதை வாங்கியது ஜியோ மட்டுமே.

உயரம் இரண்டாவது காரணி. சமவெளியில் 40 மீட்டர் டவரின் ரேடியோ அடிவானம் சுமார் 26 கிலோமீட்டர். சமவெளிக்கு மேல் 700 மீட்டர் உயர்ந்த மலைமுகட்டிலிருந்து அது 109 கிலோமீட்டர். அந்தத் தொலைவுக்கும் சேவை கிடைக்கும் என்று எண்ணக்கூடாது. டவர் பல பத்து வாட் திறனில் பேசும். கைபேசி பொதுவாக 0.2 வாட்டில்தான் பதில் சொல்லும். அந்தப் பதில் டவரை எட்டாத இடமே உண்மையான எல்லை. டவரின் திறனைக் கூட்டுவது இதற்குத் தீர்வாகாது. தவிர, 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா கதிர்வீச்சு வரம்பைப் பன்னாட்டு அளவின் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. உயரத்தில் வைத்த ஆன்டெனா தொலைவிலுள்ள டவர்களின் பகுதியிலும் குறுக்கீடு செய்யும். அதனால் அதைக் கீழ்நோக்கிச் சாய்த்து, வீச்சை வேண்டுமென்றே சுருக்குகிறார்கள்.

இரு முனைகளிலும் ஆன்டெனா நிறுத்தி அமைக்கும் நிலையான இணைப்பில் நேர்ப்பார்வை மட்டும் போதாது. 5.8 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் இணைப்புக்கு நடுவழியில் பார்வைக்கோட்டைச் சுற்றி 11 மீட்டர் ஆரமுள்ள பரப்பு இருக்கிறது. அந்த ஆரத்தில் உட்புற 60 விழுக்காடாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். சித்தூர்ப் பக்கத்து மாந்தோப்பில் மரம் வளர்ந்து அந்த உட்பகுதியில் தலை நீட்டினாலே இணைப்பு தளரும், இலை மழையில் நனைந்தால் இன்னும் தளரும். மழைத்துளிகளே இழப்பை உண்டாக்குவது பெரும்பாலும் 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல்தான்.

சாதாரண வைஃபைக்கு வேறொரு தடையும் உண்டு. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒப்புதல் வரும்வரை அது காத்திருக்கும். தொலைவு கூடினால் ஒப்புதல் வருமுன்பே காத்திருப்பு நேரம் தீர்ந்துவிடும். தேனி அரவிந்த் கண் மருத்துவமனை தன் கிராமப்புற மையங்களை வைஃபையால் இணைத்தபோது, பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த ஒப்புதல் நெறிமுறையையே மாற்றினார்கள்.

கூட்டமும் எல்லையைச் சுருக்கும். திருமலையின் பிரம்மோற்சவ நாட்களில் பயனர்கள் பெருகும்போது அக்கம்பக்கத்து டவர்களின் குறுக்கீடு உயரும். நேற்றுவரை ஓரத்தில் கிடைத்த வேகம் அன்று கிடைக்காது.

நகரி, புத்தூர் போன்ற தமிழக எல்லையூர்களில் உரிமமும் ஒரு காரணி. ஆந்திர வட்டத்துக்கும் தமிழ்நாடு வட்டத்துக்கும் அலைக்கற்றை உரிமம் தனித்தனி. சிக்னல் அக்கரைக்குப் பரவாதபடி ஆன்டெனாவின் திசையையும் சாய்வையும் அமைத்தால், எல்லையோரத்துச் சொந்தக் கிராமங்களுக்கே சிக்னல் மெலிந்துதான் போய்ச் சேரும்.